சீரும் தளையும்: கணினி விளையாட்டில் உறுப்புமுறை ஆக்கம்



வெண்பா இயற்ற அமரும் புலவர் தமக்கென்று புதிதாகச் செய்துகொள்ளும் கருவி எதுவும் இல்லை. நேர், நிரை என அசை இரண்டு. அவை தம்முள் கூடித் தேமா, புளிமா, கூவிளம், கருவிளம் எனச் சீர் நான்காகின்றன. அவற்றின் இறுதியில் நேரசை ஒன்று சேரக் காய்ச்சீர் நான்கு பிறக்கின்றன. ஈற்றடியை முடிக்க நாள், மலர், காசு, பிறப்பு என்னும் வாய்பாடுகள் உண்டு. இவ்வளவே முதல். இம்முதலைக் கொண்டே எத்தனையோ தலைமுறைப் புலவர்கள் வெண்பா இயற்றி வந்துள்ளனர். அவற்றுள் சில இன்றும் நாவில் நிற்கின்றன. பல எழுதிய ஏட்டோடு மறைந்தன. முதல் ஒன்றாயிருக்க, விளைவு மட்டும் இத்துணை வேறுபடுவது ஏன்?

இவ்வினா யாப்புக்கு மட்டும் உரியதன்று. இக்காலத்துப் பெருந்தொழில்களுள் ஒன்றாகிய கணினி விளையாட்டு ஆக்கத்திலும் இதே வினா எழுந்துள்ளது. சில உறுப்புகளை முன்னரே செய்து வைத்துக்கொண்டு, அவற்றை மீண்டும் மீண்டும் இணைத்துப் பேருலகம் ஒன்றை எழுப்பும் முறை அங்கே கைக்கொள்ளப்படுகிறது. அதனை ‘மாடுலர்’ முறை என அத்துறையார் வழங்குவர். உறுப்புமுறை எனத் தமிழில் கூறலாம். அது எவ்வாறு இயங்குகிறது, எங்கே வெல்கிறது, எங்கே தோற்கிறது என்று காண்பது கவிஞர்க்கும் பயன் தருவதாகும்.

இம்முறை வறுமையில் பிறந்தது. 1985-ஆம் ஆண்டு செப்டம்பரில் ஜப்பானின் நின்டெண்டோ நிறுவனம் ‘சூப்பர் மாரியோ பிரதர்ஸ்’ என்னும் விளையாட்டை வெளியிட்டது. ஷிகெரு மியாமோட்டோ, தகாஷி டெசுகா ஆகியோர் அதனை வகுத்தவர்கள். அவ்விளையாட்டு முழுவதற்கும் கிடைத்த இடம் 40 கிலோபைட். அதில் ஆணைகளுக்கு 32, படங்களுக்கு 8. இன்று கைப்பேசியில் எடுக்கும் ஒரே புகைப்படம் இதனைப்போலப் பன்மடங்கு இடம் கொள்ளும். அன்றைய கருவியின் திரை குறுக்கே 32, நெடுக்கே 30 எனக் கட்டங்களாகப் பகுக்கப்பட்டிருந்தது. ஆகக் கட்டங்கள் 960. ஒவ்வொரு கட்டமும் எட்டுக்கு எட்டுப் புள்ளிகள் கொண்டது. பின்னணி வரைவதற்கு அத்தகைய சிறு ஓடுகள் 256 மட்டுமே வைத்துக்கொள்ள இயலும். கோட்டை, குழாய், மலை, செங்கல், எழுத்து, எண் அனைத்தையும் இவற்றிலிருந்தே ஆக்கியாக வேண்டும்.

அவ்விளையாட்டில் வானத்து மேகமும் தரையிலுள்ள புதரும் ஒரே வடிவம். வெண்மை பூசி மேலே வைத்தால் மேகம். பசுமை பூசிக் கீழே வைத்தால் புதர். விளையாடிய சிறுவர் பலர் அதனை அறியாமலே வளர்ந்தனர். ‘மா’ என்னும் ஒரு சொல் இடம் நோக்கி மரமாகவும் விலங்காகவும் பொருள் படுவது போன்றது இது. உறுப்பு ஒன்று, அதற்குப் பொருள் தருவது அது நிற்கும் இடம்.

1993-ஆம் ஆண்டு டிசம்பரில் அமெரிக்காவின் இட் சாஃப்ட்வேர் நிறுவனம் வெளியிட்ட ‘டூம்’ என்னும் விளையாட்டு இம்முறையை வேறொரு திசையில் வளர்த்தது. விளையாட்டை இயக்கும் ஆணைத்தொகுப்பு ஒரு கோப்பாகவும், சுவர்களின் அமைப்பு, படங்கள், ஒலிகள் ஆகியவை ‘வாட்’ என்னும் தனிக் கோப்பாகவும் அதில் பிரித்து வைக்கப்பட்டன. இயக்கும் பகுதியைத் தொடாமலே புதிய கூடங்களையும் தாழ்வாரங்களையும் எவரும் அமைக்கலாம் என்றாயிற்று. விளையாடியோரே ஆக்கத் தொடங்கினர். அதே இயக்கப் பகுதியைப் பெற்று ரேவன் சாஃப்ட்வேர் என்னும் பிறிதொரு நிறுவனம் 1994-இல் ‘ஹெரெட்டிக்’ என்னும் விளையாட்டைச் செய்தது. இலக்கணம் ஒருபுறமும் பாடல் ஒருபுறமுமாகப் பிரிந்தமையால், ஒரு யாப்பில் பலர் பாடும் நிலை அங்கும் உருவாயிற்று.

பின்னர் வந்த ஆண்டுகளில் கணினியின் ஆற்றல் பெருகியது; அதனோடு உழைப்பின் சுமையும் பெருகியது. முப்பரிமாண விளையாட்டில் ஒரு கற்சுவர் தோன்ற வேண்டுமாயின் அதனை முதலில் ஓவியர் வரைய வேண்டும். வடிவமைப்பாளர் கணினியில் அதன் உருவைச் சமைக்க வேண்டும். மேற்பரப்பிற்குக் கல்லின் நிறமும் சொரசொரப்பும் ஏற்ற வேண்டும். விளையாடுவோர் அதனூடே புகுந்து செல்லாதபடி தடுப்பு வரையறுக்க வேண்டும். பின் அதனை இயக்கத் தொகுப்பினுள் கொணர்ந்து, இடத்தில் நிறுத்தி, ஒளி அமைத்து, சோதித்துப் பார்க்க வேண்டும். ஒருவர் கையிலிருந்து அடுத்தவர் கைக்குப் பொருள் சென்றுகொண்டேயிருக்கும் இவ்வரிசையைப் ‘பைப்லைன்’ என்பர். ஓவியர் முடிக்கும்வரை வடிவமைப்பாளரும், அவர் முடிக்கும்வரை அடுத்தவரும் காத்திருப்பதே வழக்கமாயின், பெரிய உலகம் ஒன்றைக் கட்டி முடிக்க ஓர் ஆயுள் போதாது.

இச்சிக்கலுக்கு விடை கண்டோருள் மேரிலாந்து மாநிலத்து ராக்வில் நகரின் பெதெஸ்டா கேம் ஸ்டூடியோஸ் குறிப்பிடத்தக்கது. 2011-ஆம் ஆண்டு நவம்பர் 11-இல் அந்நிறுவனம் ‘ஸ்கைரிம்’ என்னும் விளையாட்டை வெளியிட்டது. பனி மூடிய மலைநாடு. அதில் நகரங்கள், சிற்றூர்கள், குகைகள், சுரங்கங்கள், பண்டைய இடுகாடுகள், நிலத்தடியில் புதைந்த பாழ்நகர்கள். அதன் உட்புற இடங்கள் எவ்வாறு ஆக்கப்பட்டன என்பதை அவ்விளையாட்டில் பணிபுரிந்த ஜோயல் பர்ஜெஸ், நேதன் பர்க்கிபைல் ஆகிய இருவர் 2013-இல் சான் ஃபிரான்சிஸ்கோவில் கூடிய விளையாட்டு ஆக்குநர் மாநாட்டில் விரித்துரைத்தனர். உட்புறப் பகுதிகள் 400-க்கும் மேற்பட்டவை. அவற்றுக்கு உறுப்புகள் செய்து தந்த முழுநேரக் கலைஞர் இருவர். அவ்வுறுப்புகளை இணைத்து இடங்களை அமைத்தவர் எண்மர். இவர்கள் கையாண்ட உறுப்புத் தொகுதிகள் ஏழே ஏழு.

இத்தொகுதியை அத்துறையார் ‘கிட்’ என்பர். இடுகாட்டுக்கு ஒரு கிட், சுரங்கத்துக்கு ஒரு கிட் என ஒவ்வொன்றும் தனக்குரிய சுவர், தரை, மூலை, வாயில், படிக்கட்டு, தாழ்வாரம் ஆகிய துண்டுகளைக் கொண்டது. அவை எல்லாம் ஓர் அளவுக்குள் அடங்குதல் வேண்டும். அடிப்படை அளவு 256 அலகு எனக் கொண்டால், பிற அளவுகள் 128, 64 எனப் பாதிபாதியாகவோ, 512 என இரட்டித்தோ அமையும். புள்ளிக் கோலம் இடுவோர் முதலில் புள்ளிகளை வைத்துவிட்டுப் பின்னரே இழையை ஓட்டுவது போல, இவர்களும் கண்ணுக்குத் தெரியாத கட்டம் ஒன்றை முதலில் விரித்துவிட்டு, ஒவ்வொரு துண்டின் விளிம்பும் அதன் கோட்டிலேயே நிற்குமாறு செய்கின்றனர். இழை எவ்வளவு வளைந்தாலும் புள்ளி நகர்வதில்லை.

இம்முறையின் சிறப்பு இதன் வரிசையில் உள்ளது. அழகிய சுவரைச் செய்து முடித்த பின்னர் இடம் அமைக்கத் தொடங்குவதில்லை. நிறமோ செதுக்கலோ இல்லாத வெறும் சாம்பல் நிறப் பெட்டிகளாக அத்துண்டுகளை முதலில் செய்துவிடுகின்றனர்; அளவு மட்டும் பிழையற இருக்கும். அப்பெட்டிகளைக் கொண்டே எண்மரும் இடங்களை அமைக்கத் தொடங்கிவிடுவர். அதே வேளையில் கலைஞர் இருவரும் அப்பெட்டிகளைக் கல்லாகவும் மரமாகவும் பனியாகவும் மாற்றிக்கொண்டிருப்பர். ஓரிடத்தில் வைத்த துண்டு மூலத்தின் படியன்று. மூலத்தைச் சுட்டும் குறிப்பு. ஆதலால் மூலத்தை ஒருமுறை திருத்தினால், அது வைக்கப்பட்ட இடந்தோறும் தானே திருந்தும். ஒருவருக்காக மற்றவர் காத்திருக்க நேர்வதில்லை.

ஆயின் இதே வசதி கேடாகவும் முடியும். நூறு இடங்களில் வைத்த துண்டு ஒன்றின் நீளத்தைச் சிறிதளவு மாற்றினாலும் நூறு இடங்களிலும் பிளவு தோன்றும். ஆகவே அழகைப் பின்னர் மாற்றலாம்; அளவை மாற்றலாகாது என்பது இவர்களுக்குள் எழுதாச் சட்டம். இச்சட்டத்தைக் காக்க ஒரு சோதனை உண்டு. துண்டுகளை ஒன்றன்பின் ஒன்றாக இணைத்துச் சென்று, பல திருப்பங்களுக்குப் பின் தொடங்கிய இடத்திற்கே வந்து சேருமாறு அமைத்துப் பார்ப்பர். கடைசித் துண்டின் விளிம்பும் முதல் துண்டின் விளிம்பும் மயிரிழையும் பிசகாமல் சேர வேண்டும். சேராவிடில் நடுவில் ஏதோ ஒரு துண்டு பொய் சொல்கிறது. தனியே பார்க்கையில் குற்றமற்றதாகத் தோன்றிய துண்டின் பிழை, இணைத்துப் பார்க்கும்போதே வெளிப்படுகிறது.

யாப்பறிந்தோர்க்கு இது புதிதன்று. தேமா என்னும் சீரில் தனியே குற்றம் காண இயலாது. அதன்பின் நேர் வந்தால் அது ஆசிரியத் தளை. நிரை வந்தால் வெண்டளை. மாமுன் நிரையும், விளமுன் நேரும், காய்முன் நேரும் வருதல் வெண்பாவுக்கு விதி. இவ்விதி ஒரு சீர் முடிந்து அடுத்த சீர் தொடங்கும் அவ்விடத்தைப் பற்றியது. தளை என்னும் பெயரே கட்டு எனப் பொருள்படும். ராக்வில் நகரத்துக் கைவினைஞரும் தமிழ் யாப்பு நூலாரும் ஒருவரையொருவர் அறியாமல் ஒரே முடிவுக்கு வந்துள்ளனர்: பல உறுப்புகளால் ஆன படைப்பில் இலக்கணம் காக்க வேண்டிய இடம் இணைப்பு.

இனி, இம்முறை எங்கே தோற்கிறது எனக் காண வேண்டும். பர்ஜெஸ் தம் உரையில் கண்ணின் சலிப்பைப் பற்றிப் பேசினார். ஒரே துண்டு அடிக்கடி எதிர்ப்படும்போது, விளையாடுவோர் கண் அதனைக் கண்டுகொள்கிறது. கண்டுகொண்ட கணமே அது இடுகாடாகத் தோன்றுவது நின்று, இடுகாடு போலச் செய்த அட்டையாகிவிடுகிறது. மயக்கம் கலைந்த பின் அதனை மீட்பது அரிது.

ஸ்கைரிம் வெளிவந்த அதே 2011-ஆம் ஆண்டு மார்ச்சில் பயோவேர் நிறுவனத்தின் ‘டிராகன் ஏஜ் 2’ வெளிவந்தது. அதன் முற்பகுதி வெளியாகியது 2009 நவம்பரில். இடைவெளி ஒன்றரை ஆண்டும் இல்லை. காலம் குறுகியதால், ஒரு குகையை முழுதாகச் செய்து, அதனையே வேறு வேறு கதைகளுக்கு வேறு வேறு குகை எனக் காட்டினர். சிற்சில வாயில்களை மட்டும் அடைத்து வைத்தனர். விளையாடியோர் அதனைப் பொறுக்கவில்லை. அவ்விளையாட்டின் பாத்திரங்களைப் புகழ்ந்தோரும் இக்குறையைச் சுட்டாமல் விடவில்லை.

இரண்டிலும் மீண்டும் பயன்படுத்துதலே நிகழ்ந்தது. ஒன்று ஏற்கப்பட்டு மற்றொன்று இகழப்பட்டதன் காரணம் உறுப்பின் அளவில் உள்ளது. ஸ்கைரிமில் மீண்டும் வந்தது சுவர்த்துண்டும் மூலையும். டிராகன் ஏஜ் 2-இல் மீண்டும் வந்தது முழுக் குகை. சீர் மீண்டும் வரலாம், வந்தே தீரும். அடி முழுவதும் பாடல்தோறும் மீண்டும் வந்தால், கேட்போர் எழுந்து போவர். உறுப்பு சிறிதாயின் சேர்க்கைகள் பெருகும். உறுப்பு பெரிதாயின் சேர்ப்பவன் செய்வதற்கு ஒன்றும் இராது. கவியரங்குகளில் ஆயத்தமான தொடர்கள் நிறைந்த பாடல்கள் அயர்ச்சி தருவதும் இதனாலேயே. அப்பாடலின் உறுப்பு சீரன்று. வேறொருவர் கட்டி முடித்த அறை.

சேர்ப்பவனே இல்லாமல் விதியை மட்டும் நம்பினால் என்ன நேரும் என்பதற்கும் சான்று உண்டு. 2016-ஆம் ஆண்டு ஆகஸ்டில் இங்கிலாந்தின் ஹலோ கேம்ஸ் என்னும் சிறு குழு ‘நோ மேன்ஸ் ஸ்கை’ என்னும் விளையாட்டை வெளியிட்டது. அதன் கோள்களின் எண்ணிக்கை 18,446,744,073,709,551,616. எந்தக் கோளையும் எவரும் கையால் அமைக்கவில்லை. மலையும் மரமும் விலங்கும் உறுப்புகளாகவும் கணக்கு விதிகளாகவும் வைக்கப்பட, கணினியே அவற்றைச் சேர்த்தது. வியக்கத்தக்க செயல் அது. ஆயினும் தொடக்கத்தில் விளையாடியோர் பலர், சில கோள்களைக் கண்ட பின் எஞ்சியவையும் அவை போன்றவையே என முறையிட்டனர். அக்குழுவினர் மனந்தளராது ஆண்டுதோறும் அதனை விரிவாக்கி, இழந்த மதிப்பை மீட்டனர் என்பதும் சொல்லத்தக்கது. வேறுபாட்டின் எண்ணிக்கை வேறு. வேறுபாட்டை மனம் உணர்வது வேறு. வெண்டளை பிறழாத சேர்க்கைகளை இன்று கணினியும் கணக்கின்றி அடுக்கவல்லது. அவை பாடலாவதற்கு ஒருவர் எதையேனும் சொல்ல விரும்பியிருத்தல் வேண்டும்.

உறுப்புமுறை தன் வசதிக்காக ஒரு விலையையும் கேட்கிறது. கட்டத்துக்குள் அடங்கும் கூடமும் தாழ்வாரமும் அமைப்பது எளிது. கோணமற்று வளைந்து நெளியும் இயற்கைக் குகையை அமைப்பது கடினம். தமிழ் எழுத்தின் வரலாற்றிலேயே இதற்கு இணையான நிகழ்ச்சி ஒன்று உண்டு. 1978-இல் தமிழ்நாட்டு அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றபோது 13 எழுத்துகள் வடிவம் மாறின. ணை, லை, ளை, னை ஆகியவற்றின் துதிக்கை போன்ற பழைய உரு நீங்கி, ஐகாரத்துக்குப் பொதுவான குறியே அவற்றுக்கும் வந்தது. அச்சுக் கோப்போர்க்கு எழுத்துருக்கள் குறைந்தன. கற்கும் பிள்ளைக்குச் சுமை குறைந்தது. பழைய ‘லை’யின் வளைவில் கைபழகிய முதியோர் சிலர் கடிதங்களில் நெடுங்காலம் அதனையே எழுதி வந்தனர். பொதுமையாக்கம் ஒன்றைத் தரும்போது ஒன்றைக் கொள்கிறது. கொள்வது இன்னதென அறிந்து கொடுப்பதே முறை.

ஸ்கைரிமை ஆக்கியோர் இதனை அறிந்திருந்தனர். ஆகவே கட்டம் தந்த ஒழுங்கை அவர்கள் இடமறிந்து மறைத்தனர். சுவரும் சுவரும் சேரும் கோட்டின் மேல் உதிர்ந்த கல்லையும் வேரையும் பனியையும் இட்டனர். ஒரு தொகுதியின் நடுவே மற்றொரு தொகுதி உடைத்துக்கொண்டு நுழையுமாறு செய்தனர். இடுகாட்டின் சுவர் இடிந்து குகை திறப்பது அவ்வாறு அமைந்ததே. ஒளியை மாற்றினால் அதே கூடம் வேறு கூடமாயிற்று. செய்தவர் நினையாத வகையில் ஒரு துண்டைக் கவிழ்த்தும் சாய்த்தும் சேர்ப்பவர் பயன்படுத்துவதும் உண்டு. விதியை நன்கு அறிந்தவருக்கே விதி தளரும் இடம் தெரியும்.

இறுதியாக, உறுப்புகளைச் செய்து தந்த அந்த இருவரை நினைத்தல் வேண்டும். கலைஞன் ஒருவன் தன் திறமெல்லாம் காட்டிச் செதுக்கிய தூண், இம்முறையில் பெரும்பாலும் பயன்படாது. சுவரில் கண்ணைக் கவரும் விரிசல் ஒன்றை அவன் வரைந்துவிட்டால், அதே விரிசல் இருபது இடங்களில் தோன்றி ஏமாற்றத்தை அறிவித்துவிடும். ஆகவே அவன் செய்யும் சுவர் அழகாகவும் இருக்க வேண்டும். எவரும் தனித்து நோக்காததாகவும் இருக்க வேண்டும். தன் கைவண்ணத்தை அடக்கி, இன்னும் பிறவாத ஓர் அறைக்காக, வேறொருவர் கைக்கு உகந்ததாக அவன் அதனைச் செய்து வைக்கிறான். அந்த அறையில் நின்று வியக்கும் இளைஞனுக்கு அவன் பெயர் தெரியாது. தேமா, புளிமா என முதலில் பெயரிட்டவர் யார் என்பதும் இன்று எவருக்கும் தெரியாது. அவர் வகுத்த சீரில்தான் இன்றைய வெண்பாவும் நடக்கிறது.

பத்து ஆண்டுகளாக இவ்விலக்கிய வட்டத்திலும் அத்தகையோர் இருந்துள்ளனர். அழைப்பிதழ் எழுதியோர், இருக்கை போட்டோர், புதியவரின் முதற்கவிதையில் தளை தட்டிய இடத்தை அவர் மனம் நோகாமல் காட்டியோர் எனப் பலர். அவர்கள் பெயர்கள் இம்மலரின் எல்லாப் பக்கங்களிலும் இடம்பெறவில்லை. மேடையில் ஒலித்த பாடல்களுக்கு அடியில் அவர்கள் செய்த வேலை இருக்கிறது. இனி வரும் பத்தாண்டுகளில் இங்கே பாட வருவோர்க்கும் அது பயன்படும்.

வாழிய வட்டம்! வளர்க தமிழ்!